கட்டுமான வேலைத்தளத்தை நடத்திய பெண்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

ஒரு கட்டடம் எழும்பும்போது நமது கண்ணில் படுபவர்கள் இரண்டு தரப்பினர். வரைபடம் கீறித் தருபவர் ஒரு தரப்பு. வெயிலில் நின்று வேலை செய்யும் மேசன்மாரும் உதவியாட்களும் மறு தரப்பு. இவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஒருவர் இருக்கிறார். இன்றைக்கு எந்த வேலை, நாளைக்கு எந்த வேலை, அதற்கு எத்தனை ஆட்கள், எத்தனை பை சீமெந்து, எத்தனை கியூப் மணல், அந்த லொறி காலை எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானிப்பவர் அவர். கட்டுமானத் துறையில் இந்த வேலைக்கு உற்பத்தி முகாமைத்துவம் என்று பெயர்.

இந்த வேலைக்கு வேறு துறையிலிருந்து ஒருவர் வர முடியுமா? அதிலும் ஒரு பெண் வர முடியுமா? ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவைப் பார்ப்பவர், வங்கியில் கணக்குப் பார்ப்பவர், தகப்பனின் கடையில் இருப்புப் புத்தகம் எழுதுபவர் என்று பலவிதமான பெண் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கட்டுமானத் துறைக்கு மாறப் போவதாகச் சொன்னால் நமது முதல் பதில் என்னவாக இருக்கும்? "அது ஆம்பிளைகளின் வேலை" என்பதுதானே? பதில் சொல்லுமுன், அந்த வேலை என்னவென்பதைச் சற்றுப் பார்ப்போம்.

வேலை எது?

மாடி வீடொன்றுக்கு ஸ்லெப் போடும் நாளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னர் பலகை அடித்து முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். கம்பி கட்டியிருக்க வேண்டும். மின்சார வேலைக்காரர் வந்து வயர் போகும் குழாய்களைக் கம்பிக்குள் பதித்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் போகும் இடங்களில் துவாரம் விட்டிருக்க வேண்டும். பொறியியலாளர் வந்து பார்த்துச் சரி சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே கொங்கிரீட்.

இதில் மின்சார வேலைக்காரர் ஒருவர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் கூலியோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கலந்த கொங்கிரீட் லொறியோடு காத்து நிற்கும். அது வியாபாரப் பண்டம் போல நாளைக்கு விற்கலாம் என்று வைத்திருக்கக்கூடியதல்ல, நேரம் போகப் போக இறுகும். குழாய் பதிக்காமலே போட்டுவிட்டால், பிறகு உடைத்துத்தான் பதிக்க வேண்டும்.

இந்த நட்டம் முதலில் கொந்தராத்துக்காரரின் தலையில் விழுகிறது. ஆனால் அவரோடு நிற்பதில்லை. அவருக்குச் சீமெந்தும் கம்பியும் கடனுக்குக் கொடுத்த ஹாட்வெயார் கடைக்காரரின் காசோலை திரும்பி வருகிறது. ஓடு கொடுத்தவர், பெயின்ட் கொடுத்தவர், லொறிக்காரர் என்று வரிசையாக எல்லோரும் பாதிக்கப்படுகிறார்கள். ஆகவே வேலைத்தளம் ஒழுங்காக நடக்கிறதா என்பது நம் போன்ற வியாபாரிகளுக்கும் சம்பந்தமில்லாத விடயமல்ல. ஒரு கொந்தராத்துக்காரருக்குக் கடன் கொடுக்கும்போது அவரது வாகனத்தைப் பார்க்கிறோம், வீட்டைப் பார்க்கிறோம். அவரது வேலைத்தளத்தில் நாளாந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார் என்று கேட்பவர்கள் குறைவு.

இப்போது யோசித்துப் பாருங்கள். சரக்கு எப்போது வரவேண்டும், எவ்வளவு வரவேண்டும், வந்ததைச் சரிபார்த்து எடுப்பது, ஒருவர் கொடுத்த வாக்கை நினைவில் வைத்துக் கேட்பது, எழுதி வைப்பது. இவற்றில் எதற்கு உடல் வலிமை வேண்டும்? ஒரு நல்ல மொத்த வியாபாரி தினமும் செய்யும் வேலையும் இதுதான்.

இதை வெறும் வாதமாகச் சொல்லாமல், நடந்த ஒன்றைக் கொண்டே விளக்கலாம். அதற்காக அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்திற்குப் போக வேண்டும்.

ஒரு பாலமும் ஒரு குடும்பமும்

மன்ஹட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் புரூக்ளின் பாலத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. இரு கற்கோபுரங்களுக்கு இடையில் உருக்குக் கம்பி வடங்களில் தொங்கும் பாலம் அது. கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 1,595 அடி. 1883 ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது உலகிலேயே மிக நீளமான தொங்கு பாலம் அதுவே.

இதைத் திட்டமிட்டவர் ஜோன் ரோப்ளிங் என்ற பொறியியலாளர். கம்பி வடம் தயாரிக்கும் தொழிற்சாலையும் அவருக்கு இருந்தது. 1869 ஆம் ஆண்டு பாலத்துக்கான இடத்தை அளந்துகொண்டிருந்தபோது படகுத்துறையில் அவரது கால் நசுங்கியது. அதனால் ஏற்பட்ட ஏற்புவலி நோயில் சில வாரங்களுக்குள் காலமானார். பொறுப்பு அவரது மகன் வொஷிங்டன் ரோப்ளிங்கிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 32.

1870 ஆம் ஆண்டு வேலை ஆரம்பமானது. கோபுரங்களின் அத்திவாரத்தை ஆற்றின் அடியில் போட வேண்டும். அதற்காக, அடிப்பக்கம் திறந்த பிரமாண்டமான மரப் பெட்டிகளைக் கவிழ்த்து ஆற்றுக்குள் இறக்கினார்கள். உள்ளே காற்றை அழுத்தி நீரை வெளியேற்றிவிட்டு, ஆட்கள் அதற்குள் நின்று மண்ணைத் தோண்டினார்கள். மன்ஹட்டன் பக்கத்துப் பெட்டி 78 அடி ஆழம் வரை போனது. அழுத்தம் கூடிய காற்றில் வேலை செய்துவிட்டு வேகமாக வெளியே வருபவரின் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகும். அது மூட்டுகளில் தாங்க முடியாத வலியைத் தரும், சிலரை முடமாக்கும், சிலரைக் கொன்றும் விடும். அந்தக் காலத்தில் இதன் காரணம் சரியாக விளங்கியிருக்கவில்லை. தொழிலாளர்களோடு தானும் உள்ளே இறங்கிய வொஷிங்டனுக்கும் அந்த நோய் வந்தது. 1872 ஆம் ஆண்டின் இறுதிக்குள் அவர் வீட்டோடு முடங்கிப்போனார். பாலம் கட்டி முடியும் வரை அவரால் வழமைபோல் வேலைத்தளத்துக்குப் போக முடியவில்லை.

இந்த இடத்தில்தான் அவரது மனைவி எமிலி வருகிறார்.

எமிலி கற்றுக்கொண்டது

எமிலி ரோப்ளிங் 1843 ஆம் ஆண்டு பிறந்தவர். பொறியியல் படித்தவரல்லர். அவர் படித்த பெண்கள் பாடசாலையில் வரலாறு, பிரெஞ்சு, அட்சரகணிதம் ஆகியவற்றோடு தையல் வேலையும் வீட்டு நிர்வாகமும் கற்பித்தார்கள். 1865 இல் திருமணம். கணவர் நோயில் விழுந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. கையில் ஐந்து வயது மகன் ஒருவன்.

முதலில் அவர் செய்தது கடிதம் எழுதும் வேலை. கணவர் சொல்லச் சொல்ல எழுதி வேலைத்தளத்துக்கு அனுப்பினார். ஆனால் விளங்காத ஒன்றை எழுதுபவரால் எழுத மட்டுமே முடியும். வேலைத்தளத்திலிருந்து ஒருவர் மறுகேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆகவே அவர் படிக்கத் தொடங்கினார். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், தொங்கும் வடம் எந்த வளைவில் நிற்கும், வடத்தைக் கம்பி கம்பியாக எவ்வாறு சேர்ப்பது என்பவற்றையெல்லாம் கற்றுக்கொண்டார். அதற்கேற்ற கணிதத்தையும் படித்தார்.

பிறகு கடிதத்தோடு அவரும் போகத் தொடங்கினார். கணவரின் அறிவுறுத்தல்களை வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய் விளக்கினார். உதவிப் பொறியியலாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வேலை எந்தளவில் இருக்கிறது என்று பார்த்துவந்து கணவரிடம் ஒப்புவித்தார். கொந்தராத்துக்காரர்களோடும் பாலத்தின் நிர்வாக சபையினரோடும் பேசினார். ஆவணங்களை ஒழுங்காகப் பேணினார்.

1883 ஆம் ஆண்டு நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வந்த ஒரு செய்தி நம்மைப் போன்ற வியாபாரிகளுக்குச் சுவையானது. பாலத்தின் மேற்பகுதிக்கான உருக்கு வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டபோது, அதுவரை எந்த ஆலையும் செய்யாத புதிய வடிவங்கள் தேவைப்பட்டன. ஆலைகளின் பிரதிநிதிகளுக்கு அது விளங்கவில்லை. ரோப்ளிங்கைக் காண அவரது வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவர்களோடு உட்கார்ந்து, அந்த வடிவங்களை விளங்கப்படுத்தி, வாரக்கணக்காக அவர்களைக் குழப்பிக்கொண்டிருந்த சிக்கலைத் தீர்த்து வைத்தவர் திருமதி ரோப்ளிங் என்று அச்செய்தி கூறியது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாலத்தை வடிவமைத்தவர் எமிலி அல்லர். வேலைத்தளத்தில் திறமையான உதவிப் பொறியியலாளர்கள் இருந்தார்கள். பிரதம பொறியியலாளர் என்ற பதவியும் கணவரிடமே இருந்தது. எமிலியின் வேலை, தீர்மானம் எடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் சரக்கு தருபவருக்கும் நடுவில் நின்று, ஒரு தரப்பின் சொல் மறு தரப்புக்குப் பிழையில்லாமலும் தாமதமில்லாமலும் போய்ச் சேரச் செய்ததே. அந்த இணைப்பு அறுந்திருந்தால் வேலை நின்றிருக்கும். நாம் முதலில் பார்த்த மூன்றாவது ஆளின் வேலை இதுதான்.

கம்பியில் நடந்த மோசடி

இந்தப் பாலத்தின் கதையில் சரக்கு விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பாலத்தைத் தாங்கும் பெரிய வடங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உருக்குக் கம்பிகள். அந்தக் கம்பியை வழங்கும் ஒப்பந்தம் லொயிட் ஹேய் என்ற புரூக்ளின் உற்பத்தியாளருக்குக் கிடைத்தது. கம்பி அவரது ஆலையில் பரிசோதிக்கப்பட்டது. தேறிய கம்பிக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. பரிசோதகர் தமது வேலையைச் சரியாகவே செய்தார். ஆனால் ஆலையிலிருந்து பாலத்துக்குப் போகும் வழியில், வண்டி இன்னொரு கட்டடத்துக்குள் திரும்பியது. தேறிய கம்பியை அங்கே இறக்கிவிட்டு, தேறாத கம்பியை ஏற்றி, அதே சான்றிதழோடு பாலத்துக்கு அனுப்பினார்கள். நல்ல கம்பி மறுபடியும் பரிசோதனைக்கு வரும்.

1878 ஆம் ஆண்டு இது வெளிப்பட்டது. அதற்குள் கணிசமான மோசமான கம்பி வடங்களுக்குள் போய்விட்டது. சுற்றிய கம்பியை இனிப் பிரித்தெடுக்க முடியாது. பாலத்தைக் காப்பாற்றியது வொஷிங்டன் முதலிலேயே விட்டுவைத்திருந்த மேலதிக பலம். தேவையான பலத்தைப் போல் ஆறு மடங்குக்கு வடங்களைத் திட்டமிட்டிருந்தார். மோசமான கம்பியால் அது குறைந்தாலும், எஞ்சிய பலம் போதும் என்று கணக்கிட்டார். அதற்கு மேலும் ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் செய்தார். அந்தக் கம்பிகள் இன்றும் அந்தப் பாலத்தில்தான் இருக்கின்றன.

உற்பத்தி முகாமைத்துவம் படிக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சரக்கை விற்பவரின் வாசலில் பரிசோதித்தால் போதாது. அது பயன்படும் இடத்தில் இறங்கும்போதும் பார்க்க வேண்டும். வந்த கம்பியை அளந்து பார்ப்பது, மணலில் களி இருக்கிறதா என்று பார்ப்பது, சீமெந்துப் பையின் திகதியைப் பார்ப்பது, மாதக்கணக்காகக் கிடந்து பலம் குறைந்த பையைத் திருப்பி அனுப்புவது எல்லாம் இந்த வேலைக்குள் அடங்கும். கூர்ந்து பார்க்கும் கண்ணும், முகத்துக்கு அஞ்சாமல் "இது வேண்டாம்" என்று சொல்லும் வாயும் இருந்தால் போதும்.

வாக்கெடுப்பும் வெற்றியும்

1882 ஆம் ஆண்டு இன்னொரு சோதனை வந்தது. பத்து ஆண்டுகளாக வேலைத்தளத்துக்கு வராத ஒருவர் எப்படிப் பிரதம பொறியியலாளராக இருக்கலாம் என்று கேள்வி எழுந்தது. அவரை நீக்க வேண்டும் என்று நிர்வாக சபையில் பிரேரணை வந்தது. 10 க்கு 7 என்ற வாக்குகளால் அவர் தப்பினார். பத்து ஆண்டு ஆவணங்களும் கடிதங்களும் ஒழுங்காக இருந்ததும், கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல எமிலி இருந்ததும் அந்தக் குடும்பத்துக்குப் பெரும் பலமாக இருந்தன.

1883 மே 24 ஆம் திகதி பாலம் திறக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் குதிரை வண்டியில் முதன்முதலாகப் பாலத்தைக் கடந்தவர் எமிலி. வெற்றியின் அடையாளமாக ஒரு சேவலையும் கையில் கொண்டுபோனாராம். திறப்பு விழாவில் உரையாற்றிய ஏப்ரம் ஹூவிட் என்ற அரசியல்வாதி, இந்தப் பாலம் ஒரு பெண்ணின் அர்ப்பணிப்புக்கும் ஆற்றலுக்கும் நினைவுச் சின்னம் என்ற கருத்தில் அவரைப் பாராட்டினார்.

ஆனால் அத்தனை ஆண்டு வேலைக்கு எமிலிக்குப் பதவிப் பெயர் எதுவும் இருக்கவில்லை. சம்பளமும் இருக்கவில்லை. அவர் பிற்காலத்தில் சட்டம் படித்து, 1899 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் பெற்று, 1903 இல் காலமானார். 1951 இல்தான் அவரது பெயர் பொறித்த பலகை பாலத்தில் வைக்கப்பட்டது. பாலத்தின் அடியில் புரூக்ளின் பக்கத்தில் அமைக்கப்பட்ட திடலுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது 2021 ஆம் ஆண்டில்.

இன்றைய முறை என்ன சொல்கிறது?

எமிலி செய்த வேலை இன்று படித்துப் பெறக்கூடிய ஒரு தொழிலாகிவிட்டது. க்ளென் பலார்ட், கிரெக் ஹோவெல் என்ற இரு அமெரிக்கர்கள் 1990 களில் வேலைத்தளங்களில் ஓர் எளிய கணக்கெடுத்தார்கள். இந்த வாரம் முடிப்பதாகச் சொன்ன வேலைகளில் எத்தனை அந்த வாரமே முடிந்தன என்பதே அது. பாதியைச் சற்றுத் தாண்டிய அளவுதான் முடிந்திருந்தது.

அவர்கள் சொன்ன வழியும் எளியது. ஒரு வேலைக்குத் தேவையான வரைபடம், சரக்கு, ஆள், இடம், முந்திய வேலை எல்லாம் தயாராக இருந்தால் மட்டுமே அதை இந்த வாரப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வேலையை நேரில் செய்விப்பவரே வாக்குக் கொடுக்க வேண்டும். வார இறுதியில் முடிந்தது எது, முடியாதது எது, ஏன் முடியவில்லை என்று எழுத வேண்டும். ஆளைத் திட்டுவதற்காக எழுதுவதல்ல, அடுத்த வாரம் அதே காரணம் திரும்பி வராமலிருக்க எழுதுவது.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். துணி, நூல், பொத்தான் எல்லாம் வந்த பிறகே தையல் வரிசையை ஓட விடுவார்கள் என்பதும், ஒரு மேசையில் வேலை குவிந்தால் அடுத்த மேசை சும்மா இருக்கும் என்பதும் அவருக்கு நாளாந்த அனுபவம். அவர் புதிதாகப் படிக்க வேண்டியது மூன்று. வரைபடத்தை வாசிக்க வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு பொருள் போகும் என்ற அளவுக் கணக்கைப் படிக்க வேண்டும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வரும் என்ற ஒழுங்கைத் தளத்தில் நின்று பார்த்துப் பழக வேண்டும். முதலிரண்டையும் வகுப்பில் படிக்கலாம். மூன்றாவதற்குச் சப்பாத்தில் சேறு பட்டே ஆகவேண்டும்.

நமது நாட்டில் கட்டுமானப் பொருட்களின் அளவையும் விலையையும் கணக்கிடும் கணிய அளவையாளர்களாகப் பெண்கள் வேலை செய்வது புதிதல்ல. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. அலுவலக மேசையிலிருந்து வேலைத்தளத்துக்கு வருவது அங்கிருந்து ஒரு படிதான்.

தடைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. பல வேலைத்தளங்களில் பெண்களுக்கென்று ஒரு மலசலகூடம் இல்லை. பாதுகாப்புத் தொப்பியும் சப்பாத்தும் ஆண்களின் அளவிலேயே வாங்கப்படுகின்றன. நாற்பது வருட அனுபவமுள்ள மேசன் பாஸ், நேற்று வந்த ஒரு பிள்ளையின் சொல்லைக் கேட்கத் தயங்குவார். முதலிரண்டும் முதலாளி மனம் வைத்தால் ஒரு வாரத்தில் தீரும். மூன்றாவது, "எங்களது வேலையை நிறுத்தாமல் சரக்கைக் கொண்டுவந்து தருபவர் இவர்" என்று அந்த மேசனுக்குத் தெரியவரும் நாளில் தீரும்.

நாம் செய்யக்கூடியது

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் சீமெந்து, கம்பி விலைகள் ஏறிய விதத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கணக்கில்லாமல் கட்டியவர்களின் வேலைகள் பாதியில் நின்றன. எது கையிருப்பில் இருக்கிறது, எதை இப்போதே வாங்க வேண்டும், எதை ஒத்திப்போடலாம் என்ற கணக்குக் கையில் இருந்தவர்களால் சமாளிக்க முடிந்தது.

ஆகவே கடையோ களஞ்சியமோ கட்டப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். முதலாவது, வேலை தொடங்குமுன் கொந்தராத்துக்காரரிடம் வாராந்த வேலைப் பட்டியலைக் கேளுங்கள். அதைப் பேணுபவர் யாரென்று கேளுங்கள். யாருமில்லை என்றால், அதற்கென்று ஓர் ஆளைக் கூலி கொடுத்து வையுங்கள். அந்தக் கூலி உடைத்துக் கட்டும் செலவைவிடக் குறைவு.

இரண்டாவது, அந்த ஆளைத் தேடும்போது உங்கள் வீட்டையும் கடையையும் ஒருமுறை பாருங்கள். பில்களை ஒழுங்காக அடுக்கி வைப்பவர், சரக்குக் குறைந்து வந்தால் முதலில் கண்டுபிடிப்பவர், "போன கிழமை தருவதாகச் சொன்னீர்களே" என்று விடாமல் கேட்பவர் அங்கே ஒருவர் இருக்கக்கூடும். அது மகளாகவோ மருமகளாகவோ சகோதரியாகவோ இருக்கலாம். அவர் இந்தத் துறைக்கு மாற விரும்பினால் தடுக்காதீர்கள். ஆறு மாதம் ஒரு வேலைத்தளத்தில் பழக இடம் பிடித்துக் கொடுங்கள்.

வேலைக்கு எடுத்தால் பதவிப் பெயரையும் சம்பளத்தையும் முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். எமிலியின் பெயர் அந்தப் பாலத்தில் ஏற அவர் இறந்து 48 ஆண்டுகள் சென்றன.